1 மெகாவாட் சோலார் பிளான்ட் வருடத்துக்கு எத்தனை யூனிட் தரும்? நாமே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் நாலைந்து ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தால் போதும், சோலார் போடச் சொல்லி யாராவது வந்துவிடுகிறார்கள். "ஒரு மெகாவாட் போட்டா ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் யூனிட், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்பது வழக்கமான பேச்சு. அந்த எண் பொய் இல்லை. ஆனால் எந்த மெகாவாட், எந்த மீட்டரில் அளந்த யூனிட், எத்தனையாவது வருடத்தில் என்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் நாலாயிரத்துக்கும் ஐந்தரை ஆயிரத்துக்கும் நடுவே ஊசலாடும். 25 வருடத்துக்குக் கடன் வாங்கிப் போடுகிற பிளான்டில் இந்த ஊசலாட்டம்தான் லாபமும் நட்டமும்.

கமுதியில் 2016ல் வந்த 648 மெகாவாட் மாதிரி பெரிய பிளான்டுகளுக்கு இதைக் கணக்குப் போடத் தனியாக ஆட்கள் இருப்பார்கள். இங்கே பேசப்போவது சின்ன பிளான்ட்: விவசாய நிலத்தில் சோலார் போட மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தின் 'ஏ' பிரிவில் வருகிற 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான அளவு. உதாரணத்துக்கு மதுரைக்குத் தெற்கே ஓர் இடத்தில் 1 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால்குலேட்டரும் நோட்டும் இருந்தால் போதும்.

படி 1: எந்த மெகாவாட் என்று முதலில் கேளுங்கள்

ஒரு பிளான்டுக்கு இரண்டு மெகாவாட் உண்டு. எல்லா பேனலின் வாட்டையும் கூட்டினால் வருவது டி.சி. அளவு. இன்வெர்ட்டர் வழியாக லைனுக்குப் போகக்கூடிய உச்ச அளவு ஏ.சி. அளவு. மின்வாரியத்தோடு போடும் ஒப்பந்தத்தில் இருப்பது பொதுவாக ஏ.சி. அளவு. பேனல் விற்பவர் வாயில் வருவது டி.சி. அளவு.

இரண்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. பேனலில் எழுதியிருக்கும் வாட் என்பது ஆய்வகத்தில், சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில், செல்லின் சூடு 25 டிகிரியில் அளந்தது. நம் ஊர் நண்பகலில் செல் 25 டிகிரியில் இருக்கவே இருக்காது. அதனால் 1000 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 1000 கிலோவாட் பேனல் மட்டும் வைத்தால் இன்வெர்ட்டர் வருடம் முழுக்க அரை வயிற்றோடுதான் ஓடும். பேனலை 20 முதல் 40 சதவீதம் வரை அதிகம் வைப்பது இப்போது வழக்கம்.

நம் உதாரணத்தில் 540 வாட் பேனல், ஒரு ஸ்ட்ரிங்குக்கு (ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்த பேனல் வரிசைக்கு) 28, மொத்தம் 80 ஸ்ட்ரிங். ஆக 2,240 பேனல், 1,209.6 கிலோவாட் டி.சி. இன்வெர்ட்டர் 250 கிலோவாட் வீதம் நாலு, 1,000 கிலோவாட் ஏ.சி. இனி எல்லாக் கணக்கும் இந்த எண்களில்தான்.

28 எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: இந்த ரகப் பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது கரண்ட் ஓடாதபோது இருக்கும் வோல்ட், 49.6 போல இருக்கும். குளிரக் குளிர அது ஏறும். தென் மாவட்டத்தில் மார்கழி விடியலுக்கு 18 டிகிரி என்று வைத்தால் 50.5 வோல்ட் ஆகும். 1,500 வோல்ட் தாங்கும் இன்வெர்ட்டரில் அதிகபட்சம் 29 பேனல் கோக்கலாம். ஒன்றைக் குறைத்து 28 வைப்பது நிம்மதிக்கு.

படி 2: வெயிலை எடுங்கள்

உங்கள் இடத்தில் வருடத்துக்கு எவ்வளவு வெயில் விழுகிறது என்பதுதான் கணக்கின் அடித்தளம். இதற்குக் காசு செலவில்லை. உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் தளத்தில் இடத்தைக் குத்தினால் எண் வரும். ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். தளமும், நாசா பவர் தளமும் இலவசம். தரையில் அளந்த தரவு வேண்டுமென்றால், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2011 முதல் நாடு முழுக்க வெயில் அளக்கும் நிலையங்களை வைத்திருக்கிறது. பெயரில்தான் காற்று, வெயிலும் அவர்கள் வேலை.

ஒரே தளத்தை நம்ப வேண்டாம். மூன்றிலும் எடுத்துப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்திலிருந்து கணிப்பதால் தளத்துக்குத் தளம் சில சதவீதம் வித்தியாசம் வரும். உங்களிடம் திட்ட அறிக்கை கொடுத்தவர் மூன்றிலும் பெரிய எண்ணைப் பொறுக்கியிருக்கிறாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

வெயிலையும் கரண்ட் மாதிரியே யூனிட்டில், அதாவது கிலோவாட்-மணியில், அளப்பார்கள். நம் இடத்துக்குக் கிடைமட்டத் தரையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 5.5 யூனிட் வெயில் என்று கொள்வோம். வருடத்துக்கு 2,007 யூனிட். பேனலைத் தெற்கு பார்த்துச் சாய்த்து வைப்பதால் ஒன்றரை, இரண்டு சதவீதம் கூடும். பேனல் தளத்தில் விழுவது 2,040 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

சராசரியில் மயங்கிவிடக் கூடாது. மார்ச்சில் நாளைக்கு 6 யூனிட்டைத் தாண்டும் வெயில், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகத்தில் நாலரையை ஒட்டி இறங்கிவிடும். கடன் தவணை ஐப்பசி, கார்த்திகையிலும் அதே தொகைதான். பணவரவுக் கணக்கை மாதவாரியாகப் போடுவது இதற்குத்தான்.

படி 3: சாய்வும் வரிசை இடைவெளியும்

பேனலின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொது விதி. மதுரை ஏறக்குறைய 9.9 டிகிரி வடக்கு. அங்கே சித்திரை பிறந்த கையோடு சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். தெற்கு பார்த்த பேனலுக்கு அந்த நாலு மாதமும் சாய்வால் கொஞ்சம் நட்டம், மீதி மாதங்களில் லாபம். இரண்டும் கழிந்து மிஞ்சுவதுதான் மேலே சொன்ன ஒன்றரை, இரண்டு சதவீதம். குஜராத், ராஜஸ்தான் பிளான்ட் படத்தைப் பார்த்துவிட்டு 20, 25 டிகிரி சாய்க்கச் சொல்பவர்கள் உண்டு. நம் ஊருக்கு அது இரும்புச் செலவுதான்.

அதற்காக 3, 4 டிகிரியில் படுக்கவைக்கவும் வேண்டாம். வெயில் நட்டம் பெரிதாக இருக்காது. ஆனால் மழைத்தண்ணீர் வடியாமல் கீழ்ச்சட்டத்தோரம் தேங்கி, காய்ந்து, சேற்றுக்கோடு விழும். 10 டிகிரி சரி.

வரிசைக்கு வரிசை எவ்வளவு விட வேண்டும்? இரண்டு பேனல் நெடுக்காக அடுக்கினால் சுமார் 4.6 மீட்டர் நீளம். 10 டிகிரி சாய்வில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 0.8 மீட்டர் உயரும். நிழல் மோசமாக விழும் டிசம்பர் 21 அன்று சூரிய நேரம் மாலை 4 மணிக்குச் சூரியன் 22 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது வடக்கு நோக்கி விழும் நிழல் கிட்டத்தட்ட 1 மீட்டர்தான். ஆக நிழலுக்கு 1 மீட்டர் போதும். ஆள் நடக்க, கழுவ, சின்ன டிராக்டர் போக 2 முதல் 2.5 மீட்டர் விடுகிறோம். பேனலின் பரப்பு மட்டும் பார்த்தால் ஒன்றரை ஏக்கர்கூட வராது. நடைவழி, வேலி, டிரான்ஸ்ஃபார்மர் இடம் எல்லாம் சேர்த்துத்தான் 4 முதல் 5 ஏக்கர்.

நிலத்தைச் சுற்றிப் பனைமரம் இருந்தால் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவற்றைக் கவனியுங்கள். காலை, மாலை நீள நிழலுக்குக் காரணம் அவைதான்.

படி 4: இழப்புகளைப் பெருக்குங்கள், கூட்டாதீர்கள்

இதுதான் கணக்கின் இதயம். வெயில் பேனலில் விழுந்ததிலிருந்து மின்வாரிய மீட்டரைத் தாண்டும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் போகும். நம் பிளான்டுக்கு நான் வைக்கும் எண்கள்:

நிழல் 1%
கண்ணாடியில் பிரதிபலிப்பு 2%
தூசு 3%
சூடு 9%
பேனலுக்குப் பேனல் வித்தியாசம், முதல் வெயிலில் விழும் தேய்வு 2.5%
டி.சி. ஒயர் 1.2%
இன்வெர்ட்டர் 2%
டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி. கேபிள் 1.8%
லைன் இல்லாத நேரம், பழுது 2%

கூட்டினால் 24.5% வரும். அது தவறு. ஒவ்வொன்றும் அதற்கு முன் மிஞ்சியதில்தான் கழிகிறது. 0.99 × 0.98 × 0.97 × 0.91 × 0.975 × 0.988 × 0.98 × 0.982 × 0.98 என்று பெருக்குங்கள்: 0.778. அதாவது 77.8%. இதற்குத்தான் பி.ஆர். (பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ, செயல்திறன் விகிதம்) என்று பெயர். நம் ஊர் வெப்பத்தில் 76லிருந்து 82க்குள் இருந்தால் ஒழுங்கான பிளான்ட். யாராவது 85 என்று எழுதிக்கொடுத்தால் அவர் சூட்டைக் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள்.

பட்டியலில் இரண்டு வரி பற்றி விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது சூடு. வெயில் அதிகமானால் கரண்ட் அதிகம் என்பது உண்மை. வெப்பம் அதிகமானால் கரண்ட் அதிகம் என்பது உண்மையில்லை. காற்றில் 34 டிகிரி, சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் என்றால் திறந்த வெளியில் நிற்கும் பேனலின் செல் 62 டிகிரி வரை போகும். 25ஐவிட 37 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு 0.35% வீதம் குறையும் பேனலில் அந்த நேரத்தில் 13% காணாமல் போகும். காலை, மாலை, மழைக்கால நாட்களையும் சேர்த்து வருட சராசரி எடுத்தால் 9%ஐ ஒட்டி நிற்கும். டாப்கான் என்ற இன்னொரு ரகப் பேனலில் டிகிரிக்கு 0.30% போலத்தான் குறையும். அதே நேரத்தில் 11%. பேனல் வாங்கும்போது வாட்டுக்கு எத்தனை ரூபாய் என்று பேரம் பேசுபவர்கள் தரவுத்தாளில் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. நம் ஊருக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் பேரமே ஆரம்பிக்க வேண்டும்.

இதனால்தான் பிளான்டின் உச்ச நாள் மே மாதக் கத்திரியில் வராது. பிப்ரவரி, மார்ச்சில், வானம் துடைத்துவிட்டது போல இருந்து காற்றும் அடிக்கும் நாளில் வரும்.

இன்வெர்ட்டருக்கும் இதே பிரச்சினை உண்டு. சுற்றுப்புறம் 45, 50 டிகிரியைத் தொட்டால் பல இன்வெர்ட்டர்கள் தானாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். மேற்கு வெயில் நேராக அடிக்கும்படி வெட்டவெளிக் கம்பத்தில் மாட்டாமல், பேனல் மேசையின் பின்பக்க நிழலில் மாட்டினால் பைசா செலவில்லாமல் சில யூனிட் தங்கும்.

இரண்டாவது, லைன். இதற்குத் தனிப் படியே தேவை.

படி 5: சப்ஸ்டேஷனுக்குப் போய் விசாரியுங்கள்

பேட்டரி இல்லாத பிளான்ட் இது. லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் அணைந்துவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஆளின் உயிருக்காக அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த நேரத்து யூனிட் போனது போனதுதான்.

தமிழ்நாட்டில் சப்ஸ்டேஷன் மாதாந்திரப் பராமரிப்புக்கு ஷட்டவுன் என்று செய்தித்தாளில் வருமே, நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? காலை 9 மணி முதல் மதியம் 2 வரை, அல்லது மாலை 5 வரை. வீட்டுக்காரருக்கு அது ஃபேன் இல்லாத ஒரு பகல். நமக்கு அது முழு அறுவடை நாள். மாதம் ஒரு முழுநாள் போனால் வருடத்தில் 12 நாள், அதாவது 3.3%. மேலே பட்டியலில் லைனுக்கும் பழுதுக்கும் சேர்த்தே 2%தான் வைத்திருக்கிறேன். உங்கள் சப்ஸ்டேஷனில் உண்மையில் மாதாமாதம் நடக்கிறதா, எத்தனை மணி நேரம் நடக்கிறது என்று கேட்டு அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கூடவே கேட்க வேண்டியவை: பிளான்ட் சேரப்போகும் லைன் 11 கே.வி.யா (கிலோவோல்ட்), 22ஆ, 33ஆ? தனி ஃபீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் லைன்) இழுத்து சப்ஸ்டேஷன் பஸ்ஸில் (எல்லா லைனும் வந்து சேரும் பொதுக் கம்பியில்) நேராகச் சேர்ப்பதா, ஊருக்குப் போகிற ஃபீடரில் நடுவில் சேர்ப்பதா? ஊர் ஃபீடரில் சேர்த்தால் எங்கோ ஒரு புளியமரக் கிளை உரசினாலும் நமக்கும் டிரிப். கடந்த ஒரு வருடத்தில் அந்த ஃபீடர் பகலில் எத்தனை முறை டிரிப் ஆனது என்பது சப்ஸ்டேஷன் லாக் புத்தகத்தில் இருக்கும். பார்க்க அனுமதி கிடைத்தால் பாருங்கள். இன்னொன்று, சப்ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் உங்களுக்கு முன்பே யாராவது சோலாருக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பது. இடம் இல்லையென்றால் நிலம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

குசும் திட்டம் சப்ஸ்டேஷனிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்தையே முதலில் பார்க்கிறது. லைன் நீண்டால் செலவும் கூடும், வழியில் போகும் கரண்டும் கூடும். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் பின்பு செய்கிறார்கள்.

படி 6: இப்போது பெருக்குங்கள்

2,040 × 0.778 = 1,587. ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்குத் தரும் யூனிட் இது. பேனலின் வாட்டே சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில் அளந்தது என்பதால், சதுர மீட்டருக்கு விழும் ஒவ்வொரு யூனிட் வெயிலுக்கும் ஒரு கிலோவாட் பேனல், இழப்பு போக, ஒரு யூனிட் தரும்.

1,587 × 1,209.6 = சுமார் 19.2 லட்சம் யூனிட். நாளைக்குச் சராசரி 5,260.

ஆக, "அஞ்சாயிரம் யூனிட்" உண்மைதான், 1,210 கிலோவாட் பேனல் இருந்தால். அசல் 1,000 கிலோவாட் பேனல் மட்டும் என்றால் 4,350தான் வரும்.

சி.யு.எஃப். என்று ஒரு சதவீதம் சொல்வார்கள். வருடத்தின் 8,760 மணி நேரமும் முழு அளவில் ஓடினால் வரக்கூடியதில் எத்தனை பங்கு வந்தது என்பது. 1,000 கிலோவாட்டுக்கு அந்த முழு அளவு 87.6 லட்சம் யூனிட். 19.2ஐ அதனால் வகுத்தால் 21.9%. இதே பிளான்டை டி.சி. அளவால் வகுத்தால் 18.1%. அதே பேனல், அதே வெயில், இரண்டு சி.யு.எஃப்! ஒருவர் 22 என்றும் இன்னொருவர் 18 என்றும் சொன்னால் முதலாமவர் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை. எதனால் வகுத்தார் என்று கேளுங்கள்.

அடுத்து இரண்டு கழிவு.

ஒன்று, வயசு. முதல் வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு அரை சதவீதம் தேயும் என்று வைப்பது வழக்கம். 10வது வருடம் 18.35 லட்சம், 25வது வருடம் 17 லட்சம்.

இரண்டு, நிச்சயமின்மை. 19.2 என்பது நடு மதிப்பு. பாதி வருடங்களில் அதற்கு மேல் வரும், பாதி வருடங்களில் கீழே. இதை பி-50 என்பார்கள். வங்கிக்காரர் கேட்பது பி-90: பத்தில் ஒன்பது வருடமாவது கட்டாயம் வரக்கூடியது எவ்வளவு? வெயில் தரவு, மாதிரிக் கணக்கு, வருடத்துக்கு வருடம் மாறும் வானிலை எல்லாம் சேர்த்து 6% தடுமாற்றம் என்று கொண்டால், 1.28 × 6 = 7.7% கழிக்க வேண்டும் (1.28 என்பது பத்தில் ஒன்பதுக்கான புள்ளியியல் எண்). 17.7 லட்சம். தவணையை இந்த எண்ணுக்குக் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள், அல்லது கைக்காசை அதிகம் போடுங்கள்.

சூரியனோடு திரும்பும் டிராக்கர் வைத்தால் நம் அட்சரேகையில் 15%க்கு மேலேயே கூடும். ஆனால் மோட்டார், பேரிங், ஆடிக்காற்றைத் தாங்கும் இரும்பு, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் வேண்டும். 1 மெகாவாட்டுக்கு எனக்கு அதில் விருப்பமில்லை. இருபக்கப் பேனல் வேறு விஷயம். அசையும் பாகம் ஒன்றும் இல்லாமல் பின்பக்கத்திலிருந்து சில சதவீதம் வருகிறது. வெளிர் நிற மண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

படி 7: பணம் தரும் மீட்டரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிளான்ட் ஓட ஆரம்பித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். செல்போன் செயலியில் தெரியும் யூனிட் இன்வெர்ட்டர் தானே எண்ணியது. பணம் வருவது எச்.டி. மீட்டரில், அதாவது உயர் அழுத்த லைனில் இருக்கும் மீட்டரில், பதிவானதற்கு. இரண்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் இருப்பதால் 2% போல வித்தியாசம் இயல்பு. அது 4, 5 என்று போனால், அல்லது மாதத்துக்கு மாதம் ஏறினால், எங்கோ கோளாறு.

எச்.டி. மீட்டர் பல இடங்களில் முழு யூனிட்டைக் காட்டாது. சி.டி. (கரண்ட்டைச் சுருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்), பி.டி. (வோல்ட்டைச் சுருக்குவது) வழியாகச் சுருக்கி அளந்ததைக் காட்டும்; பெருக்கல் எண்ணால் பெருக்க வேண்டும். 11 கே.வி.யில் 1,000 கிலோவாட் என்றால் லைனில் ஓடுவது 52.5 ஆம்பியர். அதற்கு 75/5 சி.டி. வைத்தால் 15. பி.டி. 11,000/110 என்றால் 100. பெருக்கல் எண் 1,500. மாத முதல் ரீடிங்குக்கும் கடைசி ரீடிங்குக்கும் வித்தியாசம் 108.20 என்றால் 1,62,300 யூனிட். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு இலக்கத்தை 'சில்லறை' என்று விட்டுவிடாதீர்கள், 0.20 என்பது 300 யூனிட். சி.டி. மாற்றினால் பெருக்கல் எண்ணும் மாறும். மாற்றிய தேதியும் அன்றைய ரீடிங்கும் இரு தரப்புக் கையெழுத்தோடு உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். மெயின் மீட்டர், அதைச் சரிபார்க்க வைக்கும் செக் மீட்டர் இரண்டின் ரீடிங்கையும் சேர்த்தே குறியுங்கள்.

இறக்குமதி யூனிட்டையும், அதாவது லைனிலிருந்து பிளான்ட் இழுப்பதையும், பாருங்கள். ராத்திரி பிளான்ட் தூங்கினாலும் டிரான்ஸ்ஃபார்மர் தூங்காது. சும்மா இருப்பதற்கே ஒன்றரை கிலோவாட் போலத் தின்னும். விளக்கு, கேமரா சேர்த்து மாதம் 600, 700 யூனிட் உள்ளே வருவது சாதாரணம். இரண்டாயிரம் வந்தால் யாரோ மோட்டார் ஓட்டுகிறார்கள்.

கரண்டை வாரியத்துக்கு விற்காமல் சொந்த மில்லுக்கோ பங்குதாரர் ஆலைக்கோ கொண்டுபோவதாக இருந்தால் கணக்கு உங்கள் மீட்டரோடு நிற்காது. லைன் இழப்பு, வீலிங் கட்டணம் (வாரியத்தின் லைனில் கரண்டைக் கொண்டுபோகக் கொடுப்பது) எல்லாம் கழிந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்வதுதான் காசு. கேப்டிவ் (சொந்த உபயோகத்துக்கான பிளான்ட்) என்ற தகுதிக்கு 2005 மின்சார விதிகள்படி பயன்படுத்துபவர்களிடம் 26% பங்கு இருக்க வேண்டும், உற்பத்தியில் 51%ஐயாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். கட்டண விகிதங்கள் அடிக்கடி மாறுபவை. அன்றைய ஆணையைப் பார்த்தே போடுங்கள்.

படி 8: மாதாமாதம் பி.ஆர். போடுங்கள்

"இந்த மாசம் யூனிட் குறைஞ்சிருச்சு" என்று கேட்டால் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் சொல்லும் முதல் பதில் "வெயில் இல்ல சார்". உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சோதிக்கத்தான் பி.ஆர். சி.யு.எஃப். வானத்தையும் சேர்த்து அளக்கிறது, பி.ஆர். பிளான்டை மட்டும் அளக்கிறது. ஒப்பந்தத்தில் உத்தரவாதம் எழுதும்போது வெறும் யூனிட்டுக்கு எழுதாமல் பி.ஆருக்கு எழுதச் சொல்வது இதனால்தான்.

பேனலின் அதே சாய்வில் ஒரு பைரானோமீட்டர் பொருத்த வேண்டும். வெயிலை அளக்கும், கண்ணாடிக் குமிழ் வைத்த சின்னக் கருவி. மார்ச் மாதம் முழுக்க அது 190 யூனிட் காட்டியது என்போம். 190 × 1,209.6 = 2,29,824. எச்.டி. மீட்டரில் 1,78,000. வகுத்தால் 77.5%. சரி, பிளான்ட் ஆரோக்கியம்.

பைரானோமீட்டரின் குமிழில் தூசு படிந்தால் அது வெயிலைக் குறைத்துக் காட்டும். வகுக்கும் எண் சிறுக்கும். பி.ஆர். அழகாகத் தெரியும். அதனால் பேனலைக் கழுவாத நாளிலும் அந்தக் குமிழைத் துடைத்தாக வேண்டும், அதுவும் உங்கள் ஆள் துடைத்தால் நல்லது.

ஒரு மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டாம். ஏப்ரலில் சூட்டினால் பி.ஆர். தானாகவே இறங்கும், டிசம்பரில் ஏறும். போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 9: குறைந்தால் எங்கே தேடுவது

முதலில் நாலு இன்வெர்ட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 20 ஸ்ட்ரிங், 302.4 கிலோவாட். ஒரே மேகம், ஒரே வெயில். ஒன்று மட்டும் 5% குறைவாகத் தந்தால் அதில் ஒரு ஸ்ட்ரிங் செத்திருக்கிறது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். 80ல் ஒரு ஸ்ட்ரிங் என்பது 1.25%, வருடத்துக்கு 24,000 யூனிட். மொத்த உற்பத்தியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. இன்வெர்ட்டர் திரையில் ஸ்ட்ரிங் வாரியான கரண்ட் தெரியும். தெரியாத ரகத்தில் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரால் நண்பகலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கனெக்டர் உருகியிருக்கும், அல்லது எலி கடித்த ஒயராக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டி.சி. கனெக்டரை வெயிலில் கையால் பிடுங்கக் கூடாது. நெருப்புப்பொறி நிற்காமல் எரியும். இன்வெர்ட்டரை நிறுத்தி, கரண்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கழற்ற வேண்டும்.

எல்லா இன்வெர்ட்டரும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் தூசு. கழுவ வேண்டுமா வேண்டாமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் சுத்தமாகக் கழுவிவிட்டு, பக்கத்து ஸ்ட்ரிங்கோடு நண்பகலில் கரண்ட்டை ஒப்பிடுங்கள். வித்தியாசம் எத்தனை சதவீதமோ அதுதான் உங்கள் தூசு இழப்பு. நாளைக்கு 5,260 யூனிட்டில் 4% என்றால் 210 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, கழுவும் கூலியோடு வைத்துப் பாருங்கள், எத்தனை நாளில் கூலி திரும்புகிறது என்று தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் கழுவுவது பெரும்பாலும் வீண் செலவு. தை முதல் ஆவணி வரை, அதிலும் ஆனி, ஆடிக் காற்றில் செம்மண் பறக்கும் ஊரில், மாதம் இரண்டு முறையாவது தேவைப்படும்.

பேனலுக்கு 2 லிட்டர் வைத்தாலும் ஒரு தடவைக்கு 4,500 லிட்டர் தண்ணீர். ராமநாதபுரம் பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உப்புத்தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும், அது பிறகு தூசைவிடப் பெரிய தொல்லை. வடிகட்டும் கருவி வையுங்கள், அல்லது நல்ல தண்ணீர் வண்டி. கழுவும் நேரம் விடியற்காலை அல்லது சாயங்காலம். கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் அடித்தால் விரிசல் விடலாம்.

புல், கருவேலம். மழை முடிந்த ஒரே மாதத்தில் சீமைக்கருவேலம் கீழ் வரிசைப் பேனலை எட்டிவிடும். புல் வெட்டும் மிஷினை ஓட்டும்போது தெறிக்கும் கல் பேனல் கண்ணாடியை உடைக்கும்; பேனலுக்கு அடியில் நைலான் கயிறு வைத்த மிஷின்கூட ஆபத்துதான், கையால் அரிவாள் போடுவது மேல். செம்மறி ஆட்டை மேய விடலாம், நன்றாக வேலை செய்யும். வெள்ளாட்டை மட்டும் விடாதீர்கள். பேனல் மேல் ஏறும், ஒயரைக் கடிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் வருடத்துக்கு வருடம் பி.ஆர். இறங்கினால் பேனலே தேய்கிறது. முதல் வருட மார்ச்சில் 77.5 என்றால், அரை சதவீதத் தேய்வில் ஐந்தாம் வருட மார்ச்சில் 76ஐ ஒட்டி இருக்க வேண்டும். 73, 74 என்று வந்தால் சில ஸ்ட்ரிங்குகளை ஐ-வி வளைவு சோதனைக்கு (கரண்ட்டும் வோல்ட்டும் எப்படி மாறுகின்றன என்று அளப்பது) கொடுத்து, பேனல் நிறுவனத்திடம் உத்தரவாதம் கோரலாம். அதற்கு அவர்கள் முதலில் கேட்பது பேனல் வாரியான சீரியல் எண் பட்டியலும், தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனலின் வாட்டையும் அளந்த ஃபிளாஷ் டெஸ்ட் அறிக்கையும். பிளான்ட் போட்டுக் கொடுத்தவரிடம் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.